நாலடிக்குள் வெள்ளவத்தை

அலுமாரிக்கும் யன்னலுக்கும் இடையில்
நாலடி இரண்டங்குலம்.
அகலம் ஓரடிக்குக் கொஞ்சம் குறைய.
முந்தி அதில் அயன் பண்ணுகிற மேசை நின்றது.
இப்போது கௌரிதரனின் சேட்டுகளைக்
கட்டில்மேல் போர்வை விரித்துத் தேய்க்கிறோம்.

முதலில் கோட்டையை விட்டேன்.
அத்தனை தண்டவாளத்துக்கும் இடம் எங்கே?
பிறகு கொள்ளுப்பிட்டி. பிறகு வளைவுகள் எல்லாம்.
ஒன்பது மில்லிமீற்றர் பாதைகூடத் திரும்புவதற்கு
ஒன்றரை அடி கேட்கிறது.
திரும்பாமலே போய்வா என்று சொல்லிவிட்டேன்.

ஒரு நிலையம், ஒரு பக்கப்பாதை,
ஆட்கள் ஏறிக் கடக்க ஓர் இரும்புப் பாலம்,
பாலத்துக்கு அப்பால்
பக்கம் வெட்டிய பிஸ்கற் பெட்டி.
பெட்டிக்குள் போன றெயிலைக்
கையால் தூக்கித் திருப்பி வைப்பேன்.
காலி, மாத்தறை, பெலியத்தை
எல்லாம் என் உள்ளங்கைதான்.

கடலை விட மனம் வரவில்லை.
இரண்டங்குலம் கொடுத்தேன்.
நீலம், அதன்மேல் சாம்பல்,
அதன்மேல் வார்னிஷ் ஐந்து பூச்சு.
நான் பல் கட்டும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள்;
அச்சு வார்த்து மிஞ்சிய பிளாஸ்டர்
சாப்பாட்டுப் பெட்டியில் வீட்டுக்கு வரும்.
அலைக்கு அணையாகக் கொட்டிய கற்களில்
நடுவில் கிடப்பது மிஸிஸ் கனகேந்திரனின்
கீழ்த்தாடை, இடப்பக்கம்.
வாடகை வாங்க வந்தவ குனிந்து பார்த்தா.
"அசல் கல் மாதிரியே இருக்கு பிள்ளை" எண்டா.

ஞாயிறுதோறும் அழிறப்பரால்
தண்டவாளம் துடைக்க வேண்டும்.
யன்னலைப் பூட்டினாலும் வந்துவிடும்.
உப்புக் காற்றுக்கு அளவுகோல் தெரியாது.
கீழே ஐந்தரை அடிப் பாதையில் என்ன செய்கிறதோ
அதையே இங்கேயும் செய்கிறது.

பின்னேரம் அளுத்கமக் கோச்சி போகையில்
கட்டடம் மெல்ல உறுமும்.
என் நிலையத்தில் நிற்கும் எஞ்சின்
முன் சில்லு ஒன்றை மட்டும்
பாதையிலிருந்து இறக்கி வைக்கும்,
மரியாதைக்குச் செருப்பைக் கழற்றுவது போல.

மனிதர்கள் தபாலில் வந்தார்கள், ஐம்பது பேர்.
எல்லாரும் ஓவர்கோட் போட்டிருந்தார்கள்.
பல்லுக்கு நிறம் தீட்டும் தூரிகையால்
ஒவ்வொருவராகக் குளிரைக் கழற்றினேன்.
சாரம். சேலை. பள்ளிக்கூட வெள்ளை.
குடையோடு வந்தவரை அப்படியே விட்டேன்.
இருபது பேரோடு மேடை நிரம்பிவிட்டது.

மிச்சப் பேரை என்ன செய்வது என்று
நாலு நாள் யோசித்தேன்.
ஐந்தாம் நாள் காலை மருதானையில்
என் கைப்பையை இன்னொருவரின் தோளிலிருந்து
பிடுங்கிக்கொண்டு இறங்கும்போது விளங்கியது.

மிதிபலகையில் ஒட்டினேன்.
வாசலுக்கு ஐந்து பேர், ஆறு பேர்.
ஒரு கை கம்பியில், மற்றக் கை வெளியில்.

முதல் ஓட்டம்.
பாலத்துத் தூணில் 'டிக்'.
மூன்றாம் வாசல், நீலச் சேட்டுக்காரரின் முழங்கை.
பின்னால் எடுத்தேன். மெல்ல விட்டேன்.
டிக்.

"ஒராளைத்தானே? கழட்டிவிடும்.
ஆருக்குத் தெரியப்போகுது?"
கௌரிதரன் தேத்தண்ணியோடு நின்று சொன்னார்.

உள்ளே ஏற்றலாம் என்றால்
உள்ளே முழுக்க மோட்டார்.
கையை மடக்கச் சொன்னால் பிளாஸ்டிக் மடங்காது.
எட்டரைக்கு எங்கோ கையெழுத்துப் போட வேண்டியவர்
என்று நினைத்துத்தான் நிறம் அடித்திருந்தேன்.
சேட்டின் முதுகில் ஒரு சுருக்கம்கூட வைத்தேன்,
கட்டிலில் தேய்த்தால் விழுமே, அந்தச் சுருக்கம்.
கௌரிதரன் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் ஆய்வுகூடத்திலிருந்து
சின்ன அராவியை இரவல் கொண்டுவந்தேன்,
கட்டின பல் கடிக்க உயரமாய் இருந்தால்
தேய்த்துக் குறைப்போமே, அது.
தூணின் உட்பக்கம், ஒரு நகக்கனம்.
தூசி கடலில் விழுந்தது. ஊதினேன்.
இன்னும் அரை நகம்.

விட்டேன்.
முழங்கைக்கும் தூணுக்கும் நடுவே
பஸ் ரிக்கற் ஒன்று நுழையும், அவ்வளவுதான்.
போய்விட்டார்.

பிஸ்கற் பெட்டிக்குள்
என் கை காத்திருந்தது.