மூணாவது சுழி

வத்தலக்குண்டு தாண்டி அடைத்த காது
பெருமாள்மலையில் பொட்டென்று திறந்தது.
திறந்தபின் கேட்டது
ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையைத்தான்
தூத்துக்குடியில் எந்தக் கடையிலும்
வாங்க முடிந்ததில்லை என்னால்.

நான்கு நாள் விடுப்பு.
கடற்கரைக்குப் போகலாம் என்றுதான் முதலில் இருந்தோம்,
மணப்பாட்டில் கஸ்பாரின் அத்தை வீடு காலியாகக் கிடக்கிறது.
ஐஸ் கம்பெனி மேனேஜர் சிரித்தார்.
‘கரையில உட்கார்ந்தா நீங்க
வர்ற படகுக்கெல்லாம் பார் கணக்குப் போடுவீங்க ஜெசிந்தா.
உயரமா எங்கயாவது போங்க.’

முதல் நாள் தூங்கினோம்.
மதியம் எழுந்து, பிளம்ஸ் தின்று,
மறுபடி தூங்கினோம்.

இரண்டாம் நாள் கஸ்பார்
குரங்குக் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு
ஏரிக்கரையில் நின்று காற்றை விசாரித்தார்.
கச்சான் என்றால் இந்நேரம் உதடு வறண்டிருக்க வேண்டும்.
வாடைக்கு இது மாதமில்லை.
கொண்டலுக்கு இவ்வளவு பல் கிடையாது.
சோளக்கருது சுடுகிறவரைக் கேட்டார்,
‘அண்ணாச்சி, இந்தக் காத்துக்குப் பேரென்ன?’
அவர் விசிறியை நிறுத்தாமல் சொன்னார்,
‘குளிரு.’

மூன்றாம் நாள் நான் தனியாகக் கிளம்பினேன்.
ஏழு ரோட்டிலிருந்து சரியும் சந்துகளில்
ஆள் நுழைந்தால் சாமான் வெளியே வரவேண்டிய கடைகள்.
தைலக்கடையில் மூக்கை நீட்டினேன், வாங்கவில்லை.
மலைப்பூண்டு விற்றவள் ஒரு பல்லை நசுக்கி
என் உள்ளங்கையில் தேய்த்துவிட்டாள்,
அதையும் வாங்கவில்லை, கையை மட்டும்
மோந்துகொண்டே நடந்தேன்.
பழைய ஸ்வெட்டர்கள் தொங்கும் ஒரு கடையில்
எனக்குப் பொருந்தாத பச்சையை
மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.
யாரும் ‘எடுக்குறீங்களா இல்லையா’ என்று கேட்கவில்லை.
அவர்களுக்கும் விடுப்பு போல.

சிக்கந்தர் ஃபேன்ஸி ஸ்டோரில்
கண்ணாடிப் பெட்டிக்குள்,
சாவிக்கொத்துகளுக்கும் மர யானைகளுக்கும் நடுவில்
ஒரு முள்ளுச்சங்கு.
எங்கள் ஊரில் வலை உதறும்போது
காலில் குத்துமே, கெட்டவார்த்தையோடு
தூக்கி எறிவோமே, அதே சாதி.
ஏழாயிரம் அடி ஏறி வந்து
நெற்றியில் சிவப்பு வார்னிஷில் எழுதிக்கொண்டிருந்தது:
கொடைக்காணல் நினைவாக.

ரெண்டு சுழி போடவேண்டிய இடத்தில் மூணு சுழி.
பதினெட்டு வருடம் வவுச்சர் திருத்திய கை
பேனா தேடியது.

‘யாரு எழுதினது?’
‘மகதான். ஏழாவது படிக்கிறா. தப்பா?’

பெட்டிக்குப் பின்னால், தரையில்,
இன்னும் எழுதாத சங்குகள் ஒரு சாக்கு.
அதன்மேல் முழங்காலை மடித்து ஒரு பெண்பிள்ளை,
நாக்கைக் கடித்தபடி
அடுத்த சங்கின் வளைவில்
மூன்றாவது சுழியை இறக்கிக்கொண்டிருந்தாள்.
அவ்வளவு வழுக்கும் முதுகில்
அவ்வளவு வட்டமாக.

‘இல்ல’ என்றேன். ‘சரியாத்தான் இருக்கு.’

நாற்பது ரூபாய். பேரம் பேசவில்லை.
பேசாததை நினைத்து
பஸ் ஸ்டாண்டு வரை எனக்கே வெட்கமாக இருந்தது.

அறையில் கஸ்பார் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
‘ஏட்டி, நம்ம ஊர்க் குப்பை இது.
இதுக்கா நாப்பது?’

‘சங்குக்கு ரெண்டு ரூவா.
மீதி, அந்த மூணாவது சுழிக்கு.’

அவருக்குப் புரியவில்லை.
குல்லாவோடு தூங்கிப்போனார்.
ஜன்னலில் அந்தப் பேரில்லாத காற்று
யாரையோ தேடுவதுபோல் தட்டிவிட்டுப் போனது.
சங்கை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

காதில் வைத்துப் பார்க்கவில்லை.
விடுப்பு இன்னும்
ஒரு நாள் பாக்கி.