பெறுநர்: நானே

பிப்ரவரியில், சமையலறைத் தரையில் சம்மணமிட்டு
ஆகஸ்டுக்கு ஒரு பெட்டி கட்டினேன்.
அனுப்புநர், பெறுநர் இரண்டும் ஒரே பெயர்.

காஸ்கேட் மலையடியில் அந்த அஞ்சலகம்
சனிக்கிழமை பன்னிரண்டுக்கு மூடிவிடும்.
நான் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டே கால்.
கண்ணாடிக்கு அப்பால் மூன்றாம் தட்டில்
என் கையெழுத்தில் என் பெயர்.
கை எட்டவில்லை.

இரண்டு இரவு, பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால் கூடாரம்.

திங்களன்று ஒடெட் அடையாள அட்டை கேட்டாள்.
படத்தைப் பார்த்தாள். என்னை. மறுபடி படத்தை.
"நீதான் இவள் என்கிறாய்," என்றாள்.
சிரிக்கவில்லை.

பதினாறு பொட்டலம் ஓட்ஸ்,
இப்போது நினைத்தாலே குமட்டுகிறது.
புதுக் காலணி: நடந்து நடந்து அகன்ற பாதம்
உள்ளே போகமாட்டேன் என்கிறது.
அடியில், நாலாய் மடித்த சீட்டு:
"உன்னால் முடியும்!"
யார் இவள்,
ஒரு மைல்கூட நடக்காமல் எனக்குச் சொல்ல?

வாசலில் வேண்டாதவை போடும் கூடை.
நான் போட்டு நிமிர்வதற்குள்
ஒரு தாடிக்காரன் காலணியை மாட்டிப் பார்க்கிறான்.
அவனுக்குச் சரியாக இருக்கிறது.

ஒடெட்டிடம் பேனா வாங்கி
அடுத்த ஊருக்கு ஒரு சின்னப் பெட்டி.
அங்கே வந்து சேரப்போகிறவளை
எனக்கு அவ்வளவாகத் தெரியாது.
சீட்டு வைக்கவில்லை.
உப்பு மட்டும்
ஒரு கை கூடுதலாக.