பன்னிரண்டு மில்லிமீட்டர்

மூன்றாவது ஜோடியும் திரும்பிப் போயிற்று.
முதலாவது கடித்தது.
இரண்டாவதில் ஷூ ஒரு பக்கம் நடந்தது,
நான் ஒரு பக்கம் நடந்தேன்.
மூன்றாவது நீளத்தில் சரி. அகலத்தில் தபால் உறை.

இருபத்திரண்டு வருடமாக முப்பத்தெட்டு என்றுதான் சொல்லிவந்தேன்,
யார் கேட்டாலும், பிறந்த தேதியைச் சொல்வதுபோல.
முப்பத்தெட்டுக்குள் என் சுண்டுவிரல்
பக்கத்து விரலின்மேல் சரிந்து தூங்கப் பழகிவிட்டிருந்தது,
நெரிசல் நேரத்து ஷலினாவில்
யார் தோள் என்று பார்க்காமல் தூங்குகிறவர்கள்போல.
(பிர்னோவில் டிராமுக்கு அதுதான் பெயர்.
நான் ஓட்டுகிறவள். தூங்கினால் ஆகாது.)

வெறுங்கால் ஷூ பெட்டிக்குள் ஒரு சீட்டு இருந்தது:
மாலையில் அளக்கவும்.
காலையில் இருக்கும் கால் மாலையில் இருப்பதில்லை.
குதிகால் சுவரில் முட்டட்டும்.
முழு எடையும் அந்தக் காலில் நிற்கட்டும்.
பென்சில் நேராக நிற்கட்டும், உள்ளே சாயவேண்டாம்.
நீண்ட விரல்வரை அளக்கவும்;
அது கட்டைவிரல்தான் என்று தீர்மானித்துவிடவேண்டாம்.
பிறகு பன்னிரண்டு மில்லிமீட்டர் சேர்க்கவும்.

குனிந்து கோடு போட்டேன்.
இருநூற்று நாற்பத்தொன்று.
மறுபடி, இருநூற்று நாற்பத்தாறு.
மறுபடி, முப்பத்தொன்பது.
குனியக் குனிய எடை நகர்ந்துவிடுகிறது,
பாதம் வேறு யாருடையதோ ஆகிவிடுகிறது.
நிற்கிறவளே வரைய முடியாது.
இதைச் சீட்டில் எழுதவில்லை.

கீழ்வீட்டு லுபோர் டைல்ஸ் ஒட்டுகிறவர்.
இரண்டு வருடமாக எங்களுக்குள் பேச்சு
லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகை வழியாகத்தான்:
“நான்காம் மாடியில் விடியற்காலை மூன்றரைக்குக்
குதிரை நடக்கிறது. கட்டிப்போடவும்.”

தாளும் பென்சிலுமாகப் போய் நின்றேன்.
குதிரைக்குச் சத்தமில்லாத லாடம் வாங்கப்போகிறேன், என்றேன்.
அளவெடுக்க ஒரு ஆள் வேண்டும்.
சிரிக்கவில்லை அவர்.
என் பென்சிலை வாங்கிப் பார்த்து, “முனை மொத்தம்” என்று
காதோரத்திலிருந்து தன்னுடையதை எடுத்தார்.
ரசமட்டம் வைத்துத் தரையைப் பார்த்தார்.
“தரை சரி. நீங்கள்தான் வலப்பக்கம் சாய்கிறீர்கள்.”
பெடல் மிதித்த கால், என்றேன்.

மண்டியிட்டார்.
பென்சில் குதிகாலில் கிளம்பி
நரம்போரமாக ஊர்ந்து வந்தது.
விரலிடுக்கில் கூசிற்று.
அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

இடது, இருநூற்று நாற்பத்து நான்கு.
வலது, இருநூற்று ஐம்பத்தொன்று.
நான் ஏதோ தப்பு செய்தவள்போல நின்றேன்.
“எந்த வீட்டிலும் எதிரெதிர்ச் சுவர் இரண்டும்
ஒரே அளவாக இருந்து நான் பார்த்ததில்லை” என்றார்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து.
“பெரியதற்கு வாங்குங்கள். சின்னதில் எதையாவது அடைத்துக்கொள்ளலாம்.”

கூட்டினால் நாற்பத்தொன்று வந்தது.
போனில் அம்மாவிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு
“வெளியில் சொல்லிக்கொண்டு திரியாதே” என்றாள்.

முதல் வாரம் கெண்டைக்கால் அழுதது.
அடிப்பாகம் அத்தனை மெல்லிசு;
நிறுத்தத்தின் கருங்கல் சதுரங்கள்
ஒவ்வொன்றும் தன் விளிம்பைச் சொன்னது,
எது ஈரம், எது ஆடுகிறது என்றும்.
ஐந்தாம் நாள் சுண்டுவிரல்
கடைசி நிறுத்தத்தில் எழுப்பிவிட்ட பயணிபோல
எந்த இடம் இது என்று விழித்தது.
இன்னும் சரியாக இறங்கவில்லை.

மூன்றரை மணி. படியிறங்குகிறேன்.
எனக்கே நான் கேட்கவில்லை.
பலகையில் புதுச் சீட்டு, கூர்முனைப் பென்சிலில்:
“நான்காம் மாடிக்கு.
இரண்டு நாளாக வேலைக்குத் தாமதம்.
குதிரை எழுப்பாமல் எழுந்து பழக்கமில்லை.
போகும்போது என் கதவை ஒரு உதை விடவும்.”

திரும்ப ஒரு மாடி ஏறி, வலது காலால் உதைத்தேன்.
விரலுக்கு முன்னால் இருந்த அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர்
மடங்கி, நிமிர்ந்தது.
சத்தமே வரவில்லை.

ஷலினா சாவியால் தட்டினேன்.