ஊசித் துளை

குளியலறைச் சுவரில் முதலில் ஓர் ஈரப்பொட்டு.
மறுவாரம் அது இலங்கை வரைபடம்.
வாஷ்பேசினில், குழாய் சொட்டும் இடத்தில்
மயில்துத்த நிறத்தில் ஒரு கோடு;
எந்த ஆசிட்டுக்கும் மசியவில்லை.

"செம்புல போட்டா நூறு வருசம்" என்று
மஸ்கட்டிலிருந்து வந்த சூட்டில்
ஒற்றைக்காலில் நின்றவர் இவர்தான்.
வில்லாபுரத்தில் வேறு எவர் வீட்டிலும் இல்லை.
நூறில் பதினொன்று முடிந்திருக்கிறது.

சிக்கந்தர் சுவரை உடைத்தார்.
நாலு டைல்ஸ் போனது, அந்த டிசைன் இப்போது வருவதில்லையாம்.
எல்போவை அறுத்துப் பேப்பர்மேல் வைத்தார்.
ஊசி குத்தினாற்போல் ஒரு துளை,
சுற்றிலும் பச்சையாய்ப் பூத்திருந்தது.

நெடுக்கே பிளந்தபோது
உள்ளே லாடம் லாடமாய்க் குழி.
"உங்க மோட்டார் வேகம், வளைவுல மோதி மோதித் தின்னிருக்கு.
பத்தவச்சவன் பசையத் தொடைக்காமப் போயிருக்கான், இந்தா ஒழுகுன தடம்.
அறுத்த வாய அரத்தால ராவவுமில்ல."
வேலை செய்தவன் பெயரை நான் சொல்லவில்லை.
அவர் மைத்துனன்தான் அவன்.

எலக்ட்ரீசியன் ஜெபமணி வந்து
எர்த் வயர் குழாயில் கட்டியிருப்பதைக் காட்டி
நாக்கைச் சப்புக்கொட்டினான்.
எர்த் குழிக்கு ரெண்டாயிரம் மிச்சம் பிடித்தது யார்?
நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

தெப்பக்குளம் பக்கத்து லேபில்
கண்ணாடி போட்ட பெண் சீட்டை நீட்டினாள்:
போர் தண்ணீரில் குளோரைடு கூடுதல்,
கரைந்த கரிவாயு கூடுதல்,
புளிப்புப் பக்கம் கொஞ்சம் சாய்வு.
அப்புறம், எழுதிக்கொண்டே கேட்டாள்,
"தண்ணி ஓடாம நின்னுச்சா, ரொம்ப நாள்?"

இவர் வாட்ச்சைத் திருகினார்.
இருபத்தாறு மாதம்.
அண்ணன் தம்பி வழக்கில் வீடு பூட்டிக் கிடக்க,
பழங்காநத்தத்து வாடகை மாடியில் நாங்கள்;
குழாய்க்குள் அதே தண்ணீர்,
தீபாவளி ரெண்டு, சித்திரைத் திருவிழா ரெண்டு.
"கொஞ்ச நாள்" என்றார்.

"இதுல எதுப்பா காரணம்?"
சிக்கந்தரிடம் கேட்டார், துளை வழியே வெளிச்சம் பார்த்தபடி.
"ஒண்ணு மட்டும்னா செம்பு தாங்கியிருக்கும்ணே."

இப்போது வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்.
பழசை சிம்மக்கல்லில் எடைக்குப் போட்டோம்,
ஒன்பது கிலோ இருநூறு, கிலோ அறுநூற்று எண்பது.
வீட்டுக்கு வந்து எண்ணிப் பாதியை ஒரு கவரில் போட்டு
'பூவலிங்கம்' என்று தம்பி பேரை எழுதினார்:
குழாய் வாங்கிய வருசம் பாதிக் காசு அவனுடையது.

மூவாயிரத்து நூற்று இருபத்தெட்டு ரூபாய்.
கவர் ஃப்ரிட்ஜ் மேல் நிற்கிறது
பதினேழு நாளாய்.