சரிங்

சரவணம்பட்டியில் மூன்றாவது மாடி,
இரவு பதினொன்றே கால்.
பெருந்துறையில் மஞ்சள் குடோனுக்குப் பின்னால்
பூட்டிய அறைக்குள் இன்னொரு சர்வர்,
இங்கே எழுதுவதை அங்கேயும் எழுதிக்கொள்ள.
நடுவில் எழுபது எண்பது கிலோமீட்டர்
கண்ணாடி இழை.

நான் ஒரு வரி அனுப்பினால்
அது ஒரு சொல் திருப்பி அனுப்பும்.
கையேட்டில் அதற்கு நீளமான பெயர்.
நாங்கள் வைத்த பெயர் சரிங்.

வரி போகும். சரிங் வரும்.
வரி போகும். சரிங்.
இந்தப் பக்கம் போன் பேசுகிறவர்களைப் போலவே
ஆமாங், அப்படீங்ளா, சரிங் சரிங்.
எதிர்முனையில் பேனாவே இல்லாமல்கூட
இத்தனையும் சொல்லலாம்.

அதைத்தான் சோதிக்கிறேன்.
காதில் விழுந்ததும் சொன்ன சரிங்கா,
வட்டில் எழுதி முடித்துச் சொன்ன சரிங்கா?
கேட்கிறவளுக்கு ரெண்டும் ஒரே சத்தம்.
வித்தியாசம் தெரிய வேண்டுமானால்
சொன்ன வாய் மூடுவதற்குள்
கரண்டைப் பிடுங்க வேண்டும்.

பிடுங்குவதற்கு அங்கே மயில்சாமி,
குடோனின் இரவு எலக்ட்ரீசியன்.
பிடுங்குவது எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
எந்த வயர் என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்.

விவசாயிகளை நானே உண்டாக்கினேன்.
பத்தாயிரம் பேர், பெயருக்குப் பதில் எண்.
ஆளுக்கு இத்தனை மூட்டை விரலி, இத்தனை கிழங்கு,
குவிண்டாலுக்கு வாயில் வந்த விலை.
யார் கைக்கும் காசு போய்ச் சேராது.
ஆனாலும் கூட்டல் தவறக் கூடாது.

"மூணு வரைக்கும் எண்ணுவேன். மூணுல புடுங்குங்க."
"சரிங்."
"ஒண்ணு. ரெண்டு."
அழைப்பு அறுந்தது.
மூணு சொன்னேன்.
அறையில் இருந்த ஏசிக்குச் சொன்னேனோ என்னவோ.

இப்போது என்னிடம் இருப்பது ஒரே ஒரு சரிங்.
மூணு கேட்டதா,
கேட்டுப் பிடுங்கினாரா,
இல்லை வயரில் கை வைத்தபடி
இன்னும் நிற்கிறாரா?
திரும்பக் கூப்பிட்டுச் சொன்னால்
ரெண்டாம் தடவை பிடுங்குவார்.
சொல்லாமல் விட்டால்
முதல் தடவையே இல்லாமல் போகலாம்.
நான் எழுதிய சோதனைக்குள்
நானே ஒரு வரியாக மாட்டிக்கொண்டேன்.

திரையில் ஓடிக்கொண்டிருந்த சரிங் நின்றது.
நின்றதாலும் ஒன்றும் தெரியவில்லை.
மயில்சாமியாகவும் இருக்கலாம்,
அவினாசி ரோட்டில் எவனோ
ஜேசிபியால் இழையைக் கொத்தியதாகவும் இருக்கலாம்.
மௌனத்துக்குக் காரணம் எழுதி வருவதில்லை.

பன்னிரண்டு இருபதுக்கு அது எழுந்தது.
எண்ணினேன்.
இங்கே வந்து சேர்ந்த சரிங்:
ஏழாயிரத்து இருநூற்றுப் பதினான்கு.
அங்கே எழுதியிருந்த வரி:
ஏழாயிரத்து இருநூற்றுப் பதின்மூன்று.

மேஜையைத் தட்டிச் சிரித்தேன்,
பிழை கிடைத்த சந்தோஷம்.
அப்புறம் 7214 யாரென்று பார்த்தேன்.
மூணு மூட்டை விரலி மஞ்சள்.
நான் கற்பித்த ஆள்தான்,
நான் கற்பித்த மூட்டைதான்.
இருந்தும்
சரிங் வாங்கிக்கொண்டு நம்பி வீட்டுக்குப் போன ஒருவரை
ஒரு நிமிஷம் பார்த்தேன்.

எழுதி அனுப்பினேன்: "பதில் வருகிறது, பதிவு இல்லை."
கார்வேந்தன் சாரிடமிருந்து
நாலே நொடியில் பதில்:
"சரிங்க, பாத்துக்கலாம்."
எந்த வகைச் சரிங் என்று
திரை சொல்லவில்லை.

மயில்சாமி கூப்பிட்டார்.
"உங்க சத்தம் வல்லீங்.
புடுங்குனது சேந்துச்சோ என்னமோன்னு
சொருகி, இன்னொருக்காவும் புடுங்கீட்டனுங்."
"பரவால்லீங்க. ஒரு நம்பர் குறிச்சுக்குங்க,
காலைல அந்த மெசின்ல தேடோணும்.
ஏழு ரெண்டு ஒண்ணு நாலு."

சரிங் வரவில்லை.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
அப்புறம்,
"ஏழுங்... ரெண்டுங்... ஒண்ணுங்... நாலுங்."
"எழுதிட்டீங்ளா?"
"எழுதீட்டனுங்."
"எதுல?"
"உள்ளங்கைலதானுங்.
வெடியற வரைக்கும்
கை களுவ மாட்டனுங்."