ஸ்பானருக்கு இடம்

முதல் ரோபோவை
ரீலோட் கணக்கு எழுதும் கொப்பியின்
பின்பக்கத்தில் வரைந்தேன்.
தலவாக்கலை டவுன், கரண்ட் இல்லாத பின்னேரம்,
கண்ணாடி அலுமாரிக்குள் உடைந்த போன் திரைகள்.
நெஞ்சில் மூன்று விளக்கு, தோளில் பீரங்கி,
முதுகில் இறக்கை.
பார்க்கப் பயங்கரம்தான்.
நிற்கத்தான் இல்லை:
கொடியில் காயும் சட்டைபோல்
தாளில் தொங்கியது.

பக்கத்து கராஜிலிருந்து புவிதரன் வந்தான்,
சார்ஜர் மாற்ற.
விரலெல்லாம் கிரீஸ். தாளைத் தொடாமல் குனிந்தான்.
“நல்லாத்தான் இருக்கு.
இந்த முட்டி எப்புடி மடங்கும்?”
மடங்கும், என்றேன்.
“மடங்குனா இந்தத் தகடு தொடையில குத்துமே.”
வாசலுக்குப் போய், திரும்பி,
அதைவிடக் கொடுமையாய்:
“பழுதானா ஸ்பானர எங்க போடுறது?”

அன்றிரவு தூக்கம் வரவில்லை
என்று எழுதினால் கவிதைக்கு நல்லது.
தூங்கினேன்.
காலையில்தான் கோபம் வந்தது.

பெட்டி, உருளை, பந்து.
ஒரு மாதம் வேறெதுவும் வரையவில்லை.
ஒரு றாத்தல் பாணை மேசையில் சாய்த்து வைத்து
தெரிந்த மூன்று முகங்களையும் கீறினேன்;
நாலாம் நாள் எறும்பு வந்தது, பாடம் முடிந்தது.
தண்டவாளம் இரண்டும் தூரத்தில்
ஒரு புள்ளியில் சேரும் என்கிறார்கள்.
எங்கள் ஸ்டேஷனில்
சேர்வதற்கு முன்பே
மூடுபனி வாங்கிக்கொள்கிறது.
புள்ளியை நானே வைத்துக்கொண்டேன்,
சிக்னல் கம்பத்துக்குக் கொஞ்சம் மேலே.

பிறகொரு நாள் பஸ்ஸில்
ஜன்னலுக்கு எதிரே கொழுந்து லொறி,
வளைவில் திரும்புகிறது.
வெளிப்பக்க டயர்
மிதிபட்ட தக்காளிபோல் பிதுங்கியது.
மடியிலேயே கொப்பியைப் பிரித்து
ரோபோவின் இடது பாதத்தை
ஒரு விரற்கடை மண்ணுக்குள் இறக்கினேன்.

நின்றது.

பெக்டரியிலிருந்து அக்கா சுகிர்தா
வீடியோ அனுப்புவாள், பதினைந்து விநாடி.
கொழுந்து உருட்டும் மெஷின்:
மேசை நின்ற இடத்தில் நிற்க
மேலே உருளைத் தொட்டி வட்டம் போடும்,
ரொட்டிக்கு மா பிசையும் கைபோல.
அந்தக் கையைக் கழற்றி
என் ரோபோவுக்குத் தோளாக்கினேன்.
சத்தத்துக்குள் அவள் குரல்:
“பெல்ட் பக்கம் ஒரு ஆள் நிக்க எடம் வைடி.”

பகலில் போன் திறக்கிறேன்.
புதுசுகளில் ஆணியே இல்லை, எல்லாம் பசை.
சூடு காட்டி, நெம்பி, மூச்சைப் பிடித்து,
திறக்கக்கூடாதென்று யாரோ மூடியதைத் திறக்கிறேன்.
இரவில் அதற்குப் பழி:
என் இயந்திரங்களுக்கு
ஆணிகள் எல்லாம் வெளியே.

போன மாதம் முதல் வேலை வந்தது.
எந்த நாடென்று தெரியாத ஒருவருக்கு
வீடியோ கேம் ஒன்றுக்காக
ஆளில்லாத கிரகத்தில் அறுவடை இயந்திரம்.
எட்டுக் கை வைத்தேன், முதுகில் சாக்கு,
மேட்டுப்பக்கம் இரண்டு குட்டைக் கால்,
பள்ளத்துப்பக்கம் இரண்டு நெட்டைக் கால்.
கேட்டார்: கால்கள் ஏன் ஒரே அளவில் இல்லை?
இந்தக் கேள்வி எனக்குப் புரியவே
ஒரு நாள் பிடித்தது.
இங்கே சமதரை என்றால் அது மைதானம்,
அதிலும் பந்து ஒரு பக்கமாகத்தான் உருளும்.

அடுத்த கேள்வி:
மனிதரே இல்லாத கிரகத்தில்
இந்த ஏணி யாருக்கு? இந்தக் கைப்பிடி?
பதில் எழுதி, அழித்து, எழுதி,
கடைசியில் இரண்டையும் எடுத்துவிட்டு அனுப்பினேன்.
காசு வந்தது.
கொப்பியில் இருப்பதை அழிக்கவில்லை.

நேற்று புவிதரன் அதைத்தான் பார்த்தான்.
முட்டியில் தகடு விலகி வழிவிடும் இடத்தை,
ஏணியை, அக்கா கேட்ட இடத்தை.
நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை.
மூட்டில் நான் கீறியிருந்த
அறுகோணத்துக்கு நேரே
கிரீஸ் விரலை, தொடாமல், நீட்டினான்:
“இது பதினாலா, பதினேழா?”

அதை நான் யோசித்திருக்கவில்லை.