நூற்றிருபது ஓம்

புதுச்சத்திரம் தாண்டி இடப்பக்கம் எட்டுக் கொட்டகை.
கொட்டகைக்கு இரண்டு சென்சார்:
ஒன்று வெக்கை பார்க்க,
மற்றது அமோனியா மோப்பம் பிடிக்க.
எல்லாம் ஒரே ஜோடிக் கம்பியில்.
கம்பி வந்து சேருமிடம் முட்டை ரூம்.
அங்கே அட்டை அடுக்குக்கு மேல்
சீட்டுக்கட்டு அகலத்தில் ஒரு கம்ப்யூட்டர்.
அதற்கு சீரியல் வாய் ஒன்றே ஒன்று.

போன வருசம் மாட்டிய அன்று
ஃபேக்டரியிலிருந்து வந்தபடியே
பதினாறுக்கும் முகவரி ஒன்று.
'ஒண்ணு, சொல்லு' என்றதும்
பதினாறும் சேர்ந்து வாயைத் திறந்தன.
திரை முழுக்கக் குப்பை.
"எங்கூட்டுப் பேச்சாட்டவே இருக்குதுங்"
என்றார் சின்னவர் பொன்னுவேல்.
பெரியவர் செங்கோட்டுவேல் சிரிக்கவில்லை.

ஒவ்வொன்றாய்க் கழற்றி
தனியே வைத்து எண் கொடுத்தேன்.
அதன்பின் கேட்டால்தான் பேசின.
ஏழாவது மட்டும் சில நேரம் பதில் தராது.
அரை செகண்ட் பார்த்துவிட்டு
எட்டாவதிடம் போய்விடும் கம்ப்யூட்டர்.
மனத்தாங்கல் கிடையாது.
அடுத்த சுற்றில் ஏழாவதை
மறுபடி கேட்கும், முதல் தடவை போல.

இந்தச் சித்திரையில் பாகம் பிரிந்தது.
நாலு கொட்டகை அவருக்கு, நாலு இவருக்கு.
தீவன மிஷின் பெரியவருக்கு,
ஜெனரேட்டரும் முட்டை ரூமும் சின்னவருக்கு.
நடுவில் கம்பி வேலி.
வேலிக்கடியில் என் ஒயர்
யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணன் கொட்டாய்க் கணக்கெல்லாம் எனக்கு வருதுங்.
வெட்டச் சொல்றாரு. வந்து வெட்டிக் குடுங்."

வெட்டுவது சுலபம்.
வெட்டிய முனை சும்மா இருக்காது.
போன சொல் அங்கே முட்டித் திரும்பி
பின்னால் வரும் சொல்லை மிதிக்கும்.
அதனால் முனையில் ஒரு ரெசிஸ்டர்,
நூற்றிருபது ஓம், நெல்லளவு.
வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும்.
வேறு வேலை இல்லை அதற்கு.

கட்டிங் பிளேயரை எடுத்தபோது
திரையில் பன்னிரண்டு: முப்பத்தொன்று.
ஆறாவது கொட்டகை. அண்ணன் பங்கு.
மழைக்கு இறக்கிய படுதாவை ஏற்ற மறந்திருந்தார்கள்.
பொன்னுவேல் என்னைப் பார்க்கவில்லை.
வேலியோரம் போய் நின்று,
இரண்டு பக்கமும் சம்பளம் வாங்கும் ராம்பிரவேஷைக் கூப்பிட்டு
"ஆறாம் நெம்பர் படுதாவைத் தூக்குடா" என்றார்,
தன் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே.
முப்பது. இருபத்தேழு.
பத்தொன்பது வந்ததும்
"இப்ப வெட்டுங்."

முனைக்கொன்றாய் இரண்டு ரெசிஸ்டர்.
ஆளுக்கொரு பில் கேட்டார்கள்,
மூன்று ரூபாய், மூன்று ரூபாய்.

ராத்திரி ராசிபுரம் வந்து லாக் பார்த்தேன்.
பட்டியலைச் சுருக்க மறந்திருக்கிறேன்.
எட்டுக்குப் பின்னும் நிற்காமல்
ஒன்பது, பத்து, பதினொன்று என்று
பதினாறு வரை கேட்டுக்கொண்டிருக்கிறது.
பதில் இல்லை. பதில் இல்லை.

காலையில் போன் செய்தேன்:
"லிஸ்டுல இருந்து எடுத்துரட்டுங்களா?"
பின்னால் கோழிச் சத்தம், கொஞ்ச நேரம்.
"கெடக்கட்டுங்.
அதென்ன, கரெண்டா திங்குது?"